கொடுங்கைக்கு எதற்குக் கிரேக்கச் சான்றிதழ்?

மதுரை ‘கிழக்கின் ஏதென்ஸ்’. தொல்காப்பியர் ‘நம்முடைய அரிஸ்டாட்டில்’. உத்திரமேரூர்க் குடவோலை ‘ஏதென்ஸ் ஜனநாயகத்துக்கு நிகர்’. மேடைப் பேச்சில் ஊறிய இந்தப் பழக்கம் இப்போது வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் தழைத்திருக்கிறது. கீழடியில் ஒரு பானை ஓடு கிடைத்தால் மறுநாளே கிரேக்கத்தோடு வயதுக் கணக்குப் போடுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலும் தப்பவில்லை. தூண் சிற்பங்களின் நகத்தையும் நரம்பையும் காட்டிவிட்டு, “கிரேக்கச் சிற்பிகூட இவ்வளவு செய்ததில்லை” என்று முடிப்பது அங்கே வாடிக்கையான பாராட்டாகிவிட்டது.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு காலத்தில் தேவை இருந்தது, மறுப்பதற்கில்லை. 1910இல் லண்டனில் ஆங்கிலேயர் ஜார்ஜ் பேர்ட்வுட் ஒரு புத்தர் சிலையைக் கொழுப்பு சேர்த்து வேகவைத்த புடிங்குக்கு ஒப்பிட்டார். அப்படிப்பட்டவர்களிடம் பேச அவர்களுடைய அளவுகோலையே கையில் எடுக்க வேண்டியிருந்தது. 2000இல் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் தமிழின் செம்மொழித் தகுதிக்காக எழுதிய கடிதமும் கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் ஆகியவற்றின் அருகில் தமிழை வைத்துத்தான் வாதாடியது. 2004இல் நடுவண் அரசின் அறிவிப்பும் வந்தது. வழக்கு ஜெயித்த பிறகும் அதே வக்கீல் நோட்டீஸை உரக்க வாசித்துக்கொண்டிருப்பதுதான் சங்கடம்.

போகட்டும், அந்த அளவுகோலாவது நேரானதா? ‘கிரேக்கச் சிலை’ என்றதும் நம் கண்ணில் வருவது வெள்ளைப் பளிங்கு. ஏதென்ஸ்காரர்கள் பார்த்தது அதுவல்ல. கண், உதடு, ஆடைக்கரை என்று எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டியிருந்தார்கள். வெண்மையை அழகின் இலக்கணமாக்கியதில் பெரும்பங்கு 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மனுக்கு. அவர் பார்த்தவற்றில் பெரும்பகுதி ரோமானியப் பிரதிகள். கிரேக்க மண்ணில் அவர் கால் வைத்ததே இல்லை. அந்த வெண்மை மோகத்தில் 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களைச் செம்புக் கருவிகளால் சுரண்டிச் ‘சுத்தம்’ செய்தார்கள். மணலைப் பீய்ச்சிச் சிலைகளின் மூக்கைத் தேய்த்த நம்மூர்த் திருப்பணிகள் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

பார்த்தினான் என்பது சிற்பி பீடியாஸ் பொன்னாலும் தந்தத்தாலும் செய்த பிரம்மாண்டமான அதீனாவுக்குக் கட்டிய வீடு. உருவம்தான் அந்தக் கட்டடத்தின் நியாயம். திருப்பெருந்துறை என்ற பழைய பெயருடைய ஆவுடையார்கோவிலின் கருவறையிலோ லிங்கத்தின் பீடமான ஆவுடையார் மட்டும்தான்; மேலே லிங்கத் தண்டாகிய பாணம் கிடையாது. மூலவர் ஆத்மநாதருக்கு எதிரே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்மன் யோகாம்பாள் சன்னிதியில் பாதம் மட்டும். முன்மண்டபத்தில் தசை புடைக்க வீரபத்திரரைச் செதுக்கியவர்கள், உள்ளே போகப் போக உருவத்தைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மாணிக்கவாசகரைக் குரு ஆட்கொண்ட தலம் என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சங்கதி இது. நகத்தை எண்ணிப் பாராட்டுகிறவர் முன்மண்டபத்தோடு திரும்பிவிடுகிறார்.

அந்தக் கோவிலின் வளைந்த கல் கூரை விளிம்பான கொடுங்கையை எடுத்துக்கொள்வோம். கீழே நின்று அண்ணாந்தால் கல் தெரியாது. சட்டமும் கைமரமும் ஆணித்தலையுமாக மரக்கூரைதான் தெரியும். ‘ஆவுடையார்கோவில் கொடுங்கையும் தாரமங்கலத்துத் தூணும் நீங்கலாக’ எந்த வேலையும் செய்வோம் என்று ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். கல்தானா என்று வெள்ளைக்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த கதையும் உண்டு. கிரேக்கரை இங்கே அழைக்க உண்மையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. டோரிக் கோயில்களின் தூண்களுக்கு மேலே வரிசையாக வரும் முப்பட்டைக் கற்கள், பழைய மர உத்தரங்களின் முனைகள் என்று ரோமானியர் விட்ருவியஸ் எழுதிவைத்தார். அங்கே மரம் கல்லாகும்போது வெறும் அடையாளமாகச் சுருங்கியது. இங்கே ஆணித்தலை வரைக்கும் அப்படியே நிற்கிறது. ஏன் அங்கே அப்படி, இங்கே இப்படி? இந்தக் கேள்வியில் ஒரு நல்ல ஆய்வே அடங்கியிருக்கிறது. ‘மிஞ்சிவிட்டோம்’ என்று கைதட்டியதும் அது மறந்துபோகிறது.

நைவேத்தியமும் அப்படித்தான். சுடச்சுடப் புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டி, கீரையும் பாகற்காயும் சேர்த்து, எழும் ஆவியையே ஆத்மநாதருக்குப் படைக்கிறார்கள். கிரேக்கர்கள் பலியிட்ட விலங்கின் எலும்பையும் கொழுப்பையும் எரித்து, புகையைத் தெய்வத்துக்கு அனுப்பிவிட்டு, இறைச்சியைத் தாங்கள் உண்டார்கள். உருவத்தைக் கொண்டாடியவர்களும் உருவத்தை விலக்கியவர்களும் சாமிக்கு ஆவியும் மணமும் போதும் என்கிற இடத்தில் வந்து சந்திக்கிறார்கள். எந்த மேடையிலாவது இது பேசப்பட்டதுண்டா? பேச மாட்டார்கள். இதில் யாரும் ஜெயிப்பதில்லையே!

குடவோலைக்கும் இதே கதி. ஏதென்ஸும் பெரும்பாலான பதவிகளைச் சீட்டுக் குலுக்கித்தான் நிரப்பியது. அதைச் சொல்வதில்லை. அங்கே பெண்களும் அடிமைகளும் வெளியே. பிராமணர்களுக்குத் தானமளித்த ஊரான (பிரம்மதேயம்) உத்திரமேரூரில் குடத்துக்குள் பெயர் விழவே சொந்த நிலமும் வேதப் படிப்பும் வேண்டும். அதையும் சொல்வதில்லை.

ஆவுடையார்கோவில் இருக்கும் இதே மாவட்டத்தில், கருக்காக்குறிச்சியில், 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. பொன்னைச் சோதிக்க வெட்டினார்களா, செல்லாக் காசாக்க வெட்டினார்களா என்று அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. எப்படியானாலும் வெட்டிய கைக்கு மேற்கின் மேல் மயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. யவன விளக்கும் யவன மதுவும் சங்கப் பாட்டில் வருகின்றன. யாருடைய சான்றிதழும் அங்கே கேட்கப்படவில்லை. அந்தக் காசுகளில் ஒரு பகுதி, வெட்டுப்பட்ட முகத்தோடு, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுரண்டப்பட்ட பார்த்தினான் சிற்பங்களும் அங்கேதான் இருக்கின்றன.