பகடையை உருட்டியது கேத்தரின்

என்சிஇஆர்டி 2006இல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ஒன்பதாவது பாடம், தரவுகளைக் கையாளுதல். 2024இல் புதிய புத்தகம் வரும்வரை ஏராளமான சிபிஎஸ்இ பிள்ளைகள் டேலி குறி, அதாவது நேர்க்கோட்டுக் குறி, போடப் பழகியது இதில்தான்.

பாடம் நல்லாத்தான் ஆரம்பிக்குது. மதிய உணவுக்கு யாருக்கு என்ன வேணும்னு மரியா விசாரித்து, ஆளுக்கொரு கோடு போடுகிறாள். கோடுகள் குவிந்ததும் எண்ணுவது தொல்லையாகிறது. பத்துப் பத்தாகப் பிரிக்கலாம் என்கிறான் ஒருவன். ஐந்தைந்தாகப் பிரி என்கிறான் இன்னொருவன். ஐந்தாவதைக் குறுக்கே போடச் சொல்கிறார் ஆசிரியர். நாலு கோட்டுக்கு மேல் போனால் கண் ஒரே பார்வையில் பிடிக்காது. அதுக்கான வைத்தியம்தான் அந்தக் குறுக்குக்கோடு. ஒரு உத்தி எந்தத் தொல்லையில் பிறந்தது என்று காட்டும் பாடங்கள் நம்ம கணிதப் புத்தகங்களில் அபூர்வம்.

பயிற்சிக்குப் போனால் கதையே வேற. கேத்தரின் 40 தடவை பகடை உருட்டி முடிச்சாச்சு. விழுந்த எண்கள் வரிசையாக அச்சில் இருக்கு. 30 பேருக்குப் பிடித்த இனிப்பும் அப்படியே. அச்சில் அசையாமல் நிற்கும் எண்களுக்கு டேலி எதுக்கு? முதலில் எண்ணி விடையை எழுதிட்டு, அதுக்கேத்த மாதிரி அப்புறமா கோடு வரையும் பிள்ளையைத் திட்ட எனக்கு மனசு வராது. டேலி என்பது நமக்காகக் காத்திருக்காத விஷயங்களுக்கானது. பட்டியலைத் திரும்ப எண்ணலாம். உருண்டு முடிந்த பகடையைத் திரும்ப எண்ண முடியாது. கடைசியில் கூட்டினால் 40க்கு 39 வருதா, அப்போதான் தரவு சேகரிப்பது என்னன்னு புரியும்.

இன்னொன்று. மரியாவின் அட்டவணையில் சோறு, சப்பாத்தி, இரண்டும் என மூன்று வரிசை. அந்த மூன்றாவது வரிசை எப்படி வந்தது? கேட்கப் போகும் முன்பே போட்டாளா, யாரோ "ரெண்டும் வேணும்"னு சொன்ன பிறகா? வகை பிரிப்பதில் சிக்கலே அங்கேதான் இருக்கு, புத்தகம் அதைத் தொடாமல் கடந்துவிடுகிறது. இனிப்புக் கணக்கிலோ இனிப்பே பிடிக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை!

நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். 40 தடவை உருட்ட பத்து நிமிஷம் போதும். பகடை இல்லையா, நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துப் போடட்டும். எத்தனை வெள்ளை விழுதுன்னு பூஜ்யம் முதல் நாலு வரை ஐந்து வரிசை. எல்லா வரிசையும் ஒரே மாதிரி நிரம்பாது. ஏன்னு அவங்களே கேட்பாங்க.