காது நடத்தும் நகைச்சுவை

பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தி (1907–1982) எடுத்த முழுநீளப் படங்கள் ஆறே. குளோசப்பைத் துறந்து, எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டி, எதைப் பார்ப்பது, எப்போது சிரிப்பது என்ற உரிமையைப் பார்வையாளரிடமே விட்டவர் என்று அவரைப் போற்றுவது வழக்கம். அது பாதி உண்மைதான். கண்ணுக்குக் கொடுத்த விடுதலையை அவர் காதின் வழியே திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பிடி தளரும்போதுதான் படமும் தளர்கிறது. படப்பிடிப்பு முடிந்த பிறகே ஒவ்வொரு ஓசையையும் தனியாகப் பதிந்து சேர்ப்பது அவர் முறை. 'ப்ளேடைம்' (1967) படத்தில், தாத்தியே நடிக்கும் ஹூலோ என்ற பாத்திரம் ஓர் அதிகாரிக்காகக் காத்திருக்கிறார். நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் அதிகாரி புள்ளியாகத் தெரியும்போதே அவருடைய காலடி ஓசை தெளிவாகக் கேட்கிறது. ஹூலோ எழுகிறார், காவலர் மறுபடி உட்காரச் சொல்கிறார், ஓசையோ வந்துகொண்டே இருக்கிறது. அலுவலகத்தின் அதிகாரம் முழுவதும் அந்தக் காலணிச் சத்தத்தில் இருக்கிறது. குளோசப் செய்திருக்க வேண்டிய வேலையை இங்கே ஒலி செய்கிறது, அதைவிட நுட்பமாகவும்.

ஆனால் அதே படத்தின் முற்பகுதியில், 70 எம்.எம். திரையின் நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் ஏதேதோ நடக்க, ஒலி எதையும் சுட்டாத நேரங்களில் கண் அலைந்து களைக்கிறது. மறுமுறை பார்த்தால் புதிய வேடிக்கைகள் கிடைக்கும், அதுவே படத்தின் செல்வம் என்று ரசிகர்கள் மறுப்பார்கள். செல்வம்தான், மறுக்கவில்லை. ஆயினும் நகைச்சுவை அரங்கம் சேர்ந்து சிரிப்பதில் வாழ்கிறது. ஆளுக்கொரு கணத்தில் ஆளுக்கொன்றைக் கண்டுபிடித்தால் அந்தச் சிரிப்பு சிதறிவிடும். பாரிஸின் விளிம்பில் ஒரு நகரத்தையே அரங்கமாகக் கட்டி எடுத்த இந்தப் படம் வசூலில் தோற்று, தாத்தியைக் கடனில் மூழ்கடித்து, தம் படங்களின் உரிமையையே இழக்க வைத்தது. தோல்விக்குச் செலவு பெரிய காரணம். இந்தச் சிதறலுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: அவர் நவீனத்தை வெறுத்துப் பழமைக்கு ஏங்கியவர் என்பது. ஆஸ்கர் பெற்ற 'மொன் ஒங்கிள்' (1958) படத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். அதில் விருந்தாளி வந்தால் மட்டும் திறந்துவிடப்படும் மீன் வடிவ நீரூற்றுள்ள நவீன வீட்டுக்கும் ஹூலோவின் பழைய குடியிருப்புக்கும் இடையே எது நல்லது என்று முன்பே தீர்ப்பாகிவிடுகிறது. அது அந்தப் படத்தின் பலவீனம். 'ப்ளேடைம்' அதைத் திருத்துகிறது. அதில் ஓர் உணவகத்தின் திறப்புவிழா இரவில் கண்ணாடிக் கதவு நொறுங்க, காவலாளி கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு இல்லாத கதவைத் திறந்து திறந்து மூடுகிறார். கூரை பெயர்ந்து தொங்கிய பிறகுதான் அங்கே வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழகுகிறார்கள். பழைய பாரிஸுக்கு யாரும் திரும்பவில்லை; புதிய கட்டடத்தையே தங்களுக்கு ஏற்ற இடமாக்கிக்கொள்கிறார்கள். ஒரே வேடிக்கை வளர நேரம் கிடைப்பதாலும், இசை எல்லோரையும் ஒரே தாளத்தில் கட்டிவைப்பதாலும், அந்த நீண்ட பகுதியில் கூட்டம் பெருகியும் கண் தடுமாறுவதில்லை.