மதிலும் வெளிச்சமும்: புகழாளர் இல்லத்து வன்முறையும் பொலிசாரும் செய்தித்துறையும்

ஒரு சமூகம் தன் கொடுமைகளுக்குச் சூட்டும் பெயர்களை ஆராய்ந்தால், அக்கொடுமைகளை அது எவ்வாறு சகித்துக்கொள்கிறது என்பது புலனாகும். ‘குடும்பப் பிணக்கு’ என்பது அத்தகையதொரு பெயர். பிணக்கு என்றவுடன் சமவலிமை கொண்ட இருவர் நம் கண்முன் தோன்றுகின்றனர். இருபக்கத்திலும் நியாயமும் பிழையும் இருக்கலாமென மனம் தானாகவே தராசைத் தூக்குகிறது. அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். அடித்தவன் புகழாளனாகவும் இருந்துவிட்டால் அச்சொல்லின் பாதுகாப்பு இருமடங்காகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த மூன்று சம்பவங்களை வைத்து இதனை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

1989ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி அதிகாலை, அவசர அழைப்பொன்றை ஏற்று லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசார் பிரென்ற்வூட் பகுதியிலுள்ள ஒரு மாளிகைக்குச் சென்றனர். அமெரிக்க உதைபந்தாட்ட வீரராகவும் திரைப்பட நடிகராகவும் நாடறிந்த ஓ. ஜே. சிம்சனின் இல்லம் அது. புதர்களிடையேயிருந்து அவர் மனைவி நிக்கோல் காயங்களுடன் ஓடிவந்தாள். கணவன் தன்னைக் கொன்றுவிடுவான் என்று அலறினாள். பொலிசார் இதற்கு முன்னரும் எட்டுத் தடவை வந்ததாகவும், அவனோடு பேசிவிட்டுப் போவதன்றி எதுவுமே செய்ததில்லை என்றும் முறையிட்டாள். அன்று வந்த அதிகாரி தம் கடமையைச் செய்ய முற்பட்டார் என்பதைக் கூறாதுவிடல் நியாயமன்று. முறைப்பாட்டை எழுத்தில் பதிந்தார். கைதுசெய்யப் போவதாகவும் சிம்சனிடம் அறிவித்தார். ஆடை மாற்றி வருவதாக உள்ளே சென்ற சிம்சனோ தம் காரில் ஏறிப் புறப்பட்டுச் சென்றுவிட்டார்.

அவ்வாண்டு மே மாதம் அவர் குற்றச்சாட்டை எதிர்வாதமின்றி ஏற்றார். இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 120 மணிநேரச் சமூக சேவை, சிறுதொகைத் தண்டப்பணம், தொலைபேசி மூலமாகவே பெறத்தக்க உளவளத்துணை ஆகியவற்றோடு விடயம் முடிந்தது. சிறைவாசம் இல்லை. பத்திரிகைகள் இதைச் சிறு செய்தியாக ஒதுக்கின. அதே 1989இல் என்.பி.சி. தொலைக்காட்சி அவரை விளையாட்டு விமர்சகராக நியமித்தது.

சட்டமோ அறிவோ இல்லாமையால் இவ்வாறு நேர்ந்தது என்று கூறமுடியாது. 1981-82இல் மினியாபொலிஸ் நகரில் 314 சம்பவங்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு, சமாதானம் பேசுவதிலும் கைதுசெய்வதே மீண்டும் அடிப்பதைக் குறைத்தது எனக் காட்டியிருந்தது. (பின்னர் பிற நகரங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் ஒரேவகையான முடிவைத் தரவில்லை என்பதும் உண்மையே.) இல்லத்து வன்முறையைக் குற்றமாகவே கருதிச் செயற்படுவதற்கான எழுத்துமூல விதிகளை 1986 முதல் ஒவ்வொரு பொலிஸ் திணைக்களமும் கொண்டிருத்தல் வேண்டுமெனக் கலிபோர்ணியச் சட்டமும் பணித்திருந்தது. ஆயின் விதி எழுதப்பட்ட தாளுக்கும் மாளிகை வாசலுக்குமிடையே புகழ் என்னும் மதில் நின்றது. சிம்சனின் நண்பராயிருந்த முன்னாள் பொலிஸ்காரர் ஒருவர், தம் சக பொலிசாரை அவ்வீட்டுக்கு அழைத்துச் சென்றதையும் அங்கு டெனிஸ் ஆடியதையும் பின்னாளில் நீதிமன்றிற் கூறினார். விருந்தினனாக நுழைந்த முற்றத்தில் அதிகாரியாக நுழைவது எளிதன்று.

இங்கே ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. 1991 மார்ச்சில் றொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைத் தெருவில் வைத்து நையப்புடைத்ததும் இதே திணைக்களமே. வறிய கறுப்பு மனிதனிடம் காட்டிய கொடுமையும் புகழ்பெற்ற கறுப்பு மனிதனிடம் காட்டிய பணிவும் ஒரே நிறுவனத்தின் இரு முகங்கள். எளியோனிடம் சட்டத்துக்கு அப்பாலும் செல்லும் அதிகாரம், வலியோனிடம் சட்டம்வரையும் செல்வதில்லை.

2

1992இல் மணமுறிவு ஏற்பட்டது. 1993 ஒக்டோபரில் நிக்கோல் மீண்டும் அவசர சேவையை அழைத்தாள். பின்னணியில் சிம்சனின் கூச்சல் கேட்க, நடுங்கிய குரலில் அவள் பேசியது ஒலிநாடாவில் பதிவாயிற்று. 1994 ஜூன் 12ஆந் திகதி அவளும் றொனால்ட் கோல்ட்மன் என்ற இளைஞனும் கொலையுண்டனர். ஐந்து நாட்களின் பின், பொலிசார் பின்தொடரச் சிம்சன் சென்ற வெள்ளைக் காரை ஏறத்தாழ 9 கோடியே 50 இலட்சம் மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர்.

நேற்றுவரை இருளாயிருந்த இடம் ஒரே நாளில் கண்கூசும் வெளிச்சமாயிற்று. அதே ஜூன் மாதத்தில் அவசர அழைப்பு நாடாக்கள் பகிரங்கப்படுத்தப்பட்டு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இடைவிடாது ஒலித்தன. உயிரோடிருந்தபோது ஒருவரும் செவிசாய்க்காத குரலை, இறந்தபின் நாடே கேட்டது. அக்கேட்பினால் நீதிக்கு நன்மை விளைந்ததா? இவ்விளம்பரம் தம் நடுநிலையைப் பாதிக்கும் என்ற காரணத்தால் வழக்கை விசாரித்த பெருங் யூரிக் குழுவே கலைக்கப்பட்டது. வழக்கு விளக்கத்துக்கு வந்தபோது, நிக்கோலின் நாட்குறிப்புகள் பிறர்வாய்க் கேள்வி என்ற விதியினால் விலக்கப்பட்டன. 1995 ஒக்டோபர் 3இல் சிம்சன் குற்றவாளி அல்லர் எனத் தீர்க்கப்பட்டார். பொலிஸ் திணைக்களத்தின் இனவாதமே அத்தீர்ப்புக்கு வழிசமைத்தது எனப் பலரும் கருதினர். அக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. 1997இல் குடியியல் வழக்கொன்று மரணங்களுக்கு அவரைப் பொறுப்பாளி எனத் தீர்த்தது. அவர் 2024இல் காலமானார்.

வெளிச்சத்தினால் பயனே விளையவில்லை எனல் மிகைக்கூற்றாகும். 1990 முதல் அமெரிக்கப் பேரவையில் கிடந்த பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டமூலம் 1994 செப்ரெம்பரில் சட்டமாயிற்று. தாக்கப்பட்டோ அச்சுறுத்தப்பட்டோ, பின் சாட்சியமளிக்க இயலாது போனவரின் கூற்றை வரையறைகளுடன் ஏற்கும் விதியைக் கலிபோர்ணியா 1996இல் இயற்றியது. ஆயினும் இறந்தவளின் குரல் சட்டத்தில் இடம்பெறுவதற்கு அவள் இறக்கவேண்டியிருந்தது என்பதே இதிலுள்ள அவலம்.

3

2009 பெப்ரவரியில் பாடகி றிஹானாவைப் பாடகர் கிறிஸ் பிறவுண் தாக்கினார். இம்முறை லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசார் வழக்கைப் புறக்கணிக்கவில்லை. ஓகஸ்டில் பிறவுணுக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. ஆனால் சம்பவம் நடந்து இரு வாரங்களுக்குள், சான்றுக்கென எடுக்கப்பட்ட அவளின் காயமுற்ற முகத்தின் படம் ‘ரீ.எம்.இசட்.’ என்னும் செய்தித்தளத்தில் வெளியாயிற்று. திணைக்களம் உள்ளக விசாரணைக்கு உத்தரவிட்டது. 1989இல் ஆணின் புகழைக் காக்க மௌனம் காக்கப்பட்டது. 2009இல் பெண்ணின் புகழே அவள் காயத்துக்குச் சந்தை மதிப்பைக் கொடுத்தது.

2014 பெப்ரவரியில் உதைபந்தாட்ட வீரர் றே றைஸ் அற்லான்ரிக் நகரச் சூதாட்ட விடுதியொன்றின் மின்தூக்கியில் தம் வருங்கால மனைவியை அடித்து வீழ்த்தினார். பொலிசார் முதலில் இருவர்மீதுமே தாக்குதல் குற்றஞ்சாட்டினர். ‘பிணக்கு’ என்ற சொல்லின் தருக்கம் இதுவே! மே மாதம் கழகம் கூட்டிய ஊடகச் சந்திப்பில், அன்றிரவு தன் பங்குக்கு வருந்துவதாக அப்பெண்ணே கூறினாள். கழகம் அதை எடுத்துப் பரப்பியது. ஜூலையில் சங்கம் விதித்த தண்டனை இரண்டே ஆட்டங்களுக்கான தடை. செப்ரெம்பர் 8ஆந் திகதி அடி விழும் காட்சி முழுமையாக வெளியானதும், அன்றே கழகம் அவரை நீக்கியது. சங்கம் காலவரையறையின்றித் தடைசெய்தது. அவர் அவளை அடித்தார் என்பது முன்னரே தெரிந்திருந்த செய்தி. புதிதாய் வந்தது உண்மையன்று, படம் மட்டுமே. அப்படம் மீண்டும் மீண்டும் காட்டப்படுவதனால் தாம் அனுபவிக்கும் துன்பத்தைப் பற்றி அப்பெண் எழுதியதைச் செய்தித்துறை மற்றுமொரு செய்தியாக்கிக் கொண்டது.

4

மூன்றையும் ஒப்புநோக்குமிடத்து, மௌனமும் ஆரவாரமும் எதிரெதிரானவை அல்ல என்பது தெளிவாகிறது. இரண்டிலும் மையப்பொருள் புகழ், பெண்ணின் பாதுகாப்பன்று. மௌனம் அவள் சொல்லை நம்ப மறுக்கிறது. ஆரவாரமும் அவள் சொல்லை நம்புவதில்லை, காயத்தையே நம்புகிறது. எஸ்ரா எடல்மனின் ‘ஓ. ஜே.: மேட் இன் அமெரிக்கா’ (2016) என்னும் ஏறத்தாழ எட்டு மணிநேர ஆவணப்படம்கூட இதிலிருந்து முற்றாக விடுபட்டதன்று. நிறவெறியின் வரலாற்றையும் புகழின் பொருளாதாரத்தையும் ஒருங்கே விளக்கும் அரிய படைப்பு அது. 2017இல் ஒஸ்கார் விருதும் பெற்றது. எனினும் கொலையுண்ட உடல்களின் படங்களை அது விரித்துக் காட்டும்போது, அவள் மீண்டும் ஒருவனின் கதையில் வரும் சான்றுப்பொருளாகிவிடுகிறாள். தலைப்பிலேயே யாருடைய கதை என்பது தீர்மானிக்கப்பட்டுவிட்டதல்லவா?

பொலிசார் செய்யவேண்டியது புதிதன்று: பெயரைக் கேளாது முறைப்பாட்டைக் கேட்டல், ஒன்பதாம் தடவை செல்லும்போது முன்னைய எட்டையும் கையில் கொண்டு செல்லுதல், சான்றைச் சந்தைக்கு விடாதிருத்தல். செய்தித்துறைக்குரியதும் அதுவே. எட்டு அழைப்புகளுக்கு என்ன நடந்தது என்று 1989இல் ஒரு நிருபர் பொலிஸ் நிலையத்திற் சென்று கேட்டிருந்தால், அதுவே உண்மையான செய்தியாயிருந்திருக்கும். வாசகராகிய நாமும் தப்ப முடியாது. நம் ஆவலுக்கு விலை உண்டென்பதனாலேயே அப்படங்கள் விற்கப்படுகின்றன.

நிக்கோல் இறந்தபின் அவளது வங்கிப் பாதுகாப்புப் பெட்டியொன்று திறக்கப்பட்டது. அடிபட்ட தன் முகத்தின் படங்களையும் கணவனின் கடிதங்களையும் அவள் அதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். தன் வார்த்தை போதாது என்பதை உணர்ந்து, தன் வழக்குக்குத் தானே சான்று திரட்டிவைத்த ஒரு பெண்ணின் செயல் அது. அப்பெட்டி உரிய காலத்தில் திறக்கப்படாமைக்குப் பூட்டு காரணமன்று.