ஒரு சொல்லுக்குக் கணக்குக் கேட்கும்போது

2007 ஜூனில் வெளியான 'ரயட்!', பாரமோர் குழுவின் இரண்டாவது ஆல்பம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஃபிராங்க்ளினில் 2004இல் உருவான பாப் பங்க் குழு அது. பாடகி ஹேலி வில்லியம்ஸுக்கு அப்போது 18 வயது. 11 பாடல்கள் கொண்ட இந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு 'மிசரி பிசினஸ்' என்ற ஒரே பாடலில், அதிலும் ஒரே சொல்லில் போய் நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. பாடுபவள் தன் போட்டிக்காரியான இன்னொரு பெண்ணை 'வேசி' என்று ஏசும் சொல் அது.

அந்தச் சொல்லை நான் பூசி மெழுகப் போவதில்லை. இரண்டு பெண்கள் மோதிக்கொள்ள, ஆண் வெறும் பரிசுப் பொருளாக நிற்கிறான். அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கிட்டாரின் வேகமும் ஹேலியின் குரலும் சேர்ந்து, ஒரு பெண்ணைத் தோற்கடித்த மகிழ்ச்சியைக் கேட்பவருக்கும் தொற்ற வைத்துவிடுகின்றன. ஆணாதிக்கம் பெண்ணின் வாயால் பேசுவது இப்படித்தான்.

ஆனால் அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? விமர்சகர் ஜெசிக்கா ஹாப்பர் 2003இலேயே 'பங்க் பிளானட்' இதழில் இதற்கு நெருக்கமான கேள்வியை எழுப்பினார். பாப் பங்கோடு ஒட்டிப் பிறந்த எமோ இசையில் பெண்களுக்குப் பெயரில்லை, குரலில்லை, ஆண்களின் மனவலிக்குக் காரணமாக மட்டுமே வந்துபோகிறார்கள் என்றார். ஏமாற்றப்பட்ட பையன், துரோகம் செய்த பெண் என்ற வார்ப்பு அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது. ஹேலி மைக்கைப் பிடித்தபோது அந்த மொழியும் கூடவே கைக்கு வந்தது. பாடுபவர் மாறினார். ஏசப்படுபவள் மாறவில்லை.

கணக்குக் கேட்கப்பட்டது யாரிடம் என்பதையும் பார்க்க வேண்டும். பாடலை எழுதியவர்களாகப் பதிவாகியிருப்பது இரண்டு பெயர்கள்: ஹேலி வில்லியம்ஸ், ஜோஷ் ஃபாரோ. விளக்கம் கேட்கப்பட்டதோ பெரும்பாலும் ஹேலியிடம்தான். தனக்கு 17 வயதிருக்கும்போது குறுகிய பார்வையில் எழுதிய வரிகள் அவை என்று 2015இல் அவர் எழுதினார். 2018இல் நாஷ்வில் மேடையில், இனி நெடுநாள் இதைப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். 2022இல் மீண்டும் பாடத் தொடங்கினார். முன்னாள் காதலிகளைத் திட்டியே ஆல்பங்களை நிரப்பிய அதே காலத்து ஆண்களில் எத்தனை பேர் இப்படித் தம் பாடலை மேடையிலிருந்து இறக்கினார்கள்? தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற பெண்ணையே திரும்பத் திரும்பக் கூண்டில் ஏற்றும் பழக்கம் பெண்ணியத்தின் பெயரால் நடந்தாலும், அது பழைய பழக்கம்தான்.

ஆல்பத்தை முழுதாகக் கேட்டால் இன்னொன்றும் தெரிகிறது. 'தட்ஸ் வாட் யூ கெட்' பாடலில் எதிரிப் பெண் யாருமில்லை. தன் மனசு போன போக்கில் போனதற்குத் தன்னையே கேள்வி கேட்கிறாள் பாடுபவள். கோபம் அங்கே யோசிக்கத் தொடங்குகிறது.

'மிசரி பிசினஸ்' பாடும்போது ரசிகர் ஒருவரை மேடைக்கு அழைத்துத் தன்னோடு பாடவைப்பது ஹேலியின் வழக்கம். ஆண்கள் நிறைந்திருந்த மேடையில் இளம்பெண்கள் ஏறி உரக்கப் பாடினார்கள். ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டைப் பாடித்தான் அவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது என்பது கசப்பான உண்மை. இந்த இரண்டில் எதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சொல்லை எதிர்ப்போம், அதைச் சொல்லிக்கொடுத்தவர்களையும் பெயர் சொல்லிக் கேட்போம்.