எந்தக் கலை நம்மைக் காக்கும்?

மகளிர் தினத்தன்று எங்கள் விடுதி முற்றத்தில் தற்காப்புக் கலை முகாம் நடந்தது. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வந்த பெண்கள், தூக்கம் கலையாத கண்களோடு வரிசையில் நின்று காற்றில் குத்துவிட்டோம். முடிந்ததும் பக்கத்து அறைத் தங்கச்சி கேட்டாள்: "அக்கா, கராத்தேயா, ஜூடோவா, சிலம்பமா? எதைக் கத்துக்கிட்டா நிஜமா உதவும்?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. பள்ளியில் கராத்தே படித்துப் பச்சை பெல்ட் வாங்கியவள் நான். ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்தில் வரும்போது, பின் இருக்கையிலிருந்து ஒரு கை என் இடுப்பில் ஊர்ந்தது. எனக்கு லீவு கையெழுத்துப் போடுகிறவரின் கை அது. கற்ற ஒரு அடியும் நினைவுக்கு வரவில்லை. கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

கராத்தேயைக் குறை சொல்லவில்லை. எனக்குக் கற்றுத் தந்த முறையில்தான் குறை. நாங்கள் பழகியதெல்லாம் கட்டா மட்டுமே. அதில் எதிராளி கிடையாது. ஜூடோவிலும் குத்துச்சண்டையிலும் எதிரே நிற்பவள் உண்மையாகவே இழுப்பாள், தள்ளுவாள், அடிப்பாள். அந்த அதிர்ச்சி உடலுக்குப் பழகும். சிலம்பம் நம் மண்ணின் கலை. தூரம் கணிக்கவும் கால் மாற்றவும் அருமையாகச் சொல்லித் தரும். ஆனால் பேருந்தின் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே கம்பு சுழற்ற இடமேது? கலையின் பெயரைவிட இவற்றைத்தான் விசாரிக்க வேண்டும்: பிடித்த கையிலிருந்து விடுபட, விழுந்தால் எழ, நெருக்கடியான இடத்தில் திமிறப் பழக்குகிறார்களா? கத்தப் பழக்குகிறார்களா?

கனடாவில் 893 மாணவிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு உள்ளானோர் 5.2 சதவீதம், துண்டறிக்கைகள் மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். அந்த 12 மணி நேரத்தில் அடிக்கவும் உதைக்கவும் கற்றது ஒரு பகுதிதான். அறிமுகமானவனின் அத்துமீறலை அடையாளம் காண்பதும், அவனை எதிர்க்க விடாமல் தடுக்கும் தயக்கத்தை உடைப்பதும் மற்றப் பகுதிகளில் இருந்தன.

எங்கள் முகாமில் எதிரி என்றால் இருட்டில் பாயும் அந்நியன். நிர்வாகங்களுக்கு வசதியான எதிரி அவன். அவனைச் சமாளிக்க நம் முஷ்டி போதும். புகார்க் குழு தேவையில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நிறுவனம் விடும் பேருந்தும் அதன்படி பணியிடமே. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். முகாமில் இதை யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வந்தபோது கெடு முடிந்திருந்தது.

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளின் நிலை அதன் பிறகே ஊர்ப்பேச்சானது. ஒருத்தி தனியாக வார்டனிடம் முறையிட்டிருந்தால் இது நடந்திருக்குமா? அந்தச் சாலையில் உட்கார்ந்ததும் தற்காப்புதான்.

தங்கச்சியிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: "ஜூடோ வகுப்பு கிடைச்சா சேரு, நானும் வர்றேன். ஆனா இன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல என் பக்கத்துல உக்காரு. எவனாவது கை வச்சா அவன் பேரைச் சொல்லிக் கத்து. நானும் கத்துவேன். காலையில ரெண்டு பேரும் சேர்ந்து புகார் எழுதுவோம்."