சூரியப் புள்ளியும் சளிக்காய்ச்சலும்

கடலூர்க்காரர் ஒருவரிடம் அண்மைக்காலத் துன்பங்களைக் கேட்டுப் பாருங்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் ‘தானே’ புயல், 2015 வெள்ளம் என்று விரல்விட்டு எண்ணுவார். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன; 2001, 2014 ஆகியவை உச்ச ஆண்டுகள். உச்சத்திற்கு முன்னும் பின்னும் மும்மூன்று ஆண்டுகள் விட்டுக்கொடுங்கள். மூன்று துன்பங்களும் கணக்கில் அடங்கிவிட்டன! ஆனால் ஆழிப்பேரலையை எழுப்பியதோ சுமத்திரா அருகே நிகழ்ந்த கடலடி நிலநடுக்கம். 11 ஆண்டில் 7 ஆண்டை நாமே வளைத்துக்கொண்டால், எதை வீசினாலும் மூன்றில் இரண்டு பங்கு அதற்குள்தான் விழும்.

இதை மனத்தில் கொண்டு, 1978-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு கட்டுரையைப் பார்ப்போம். எழுதியவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன், இங்கிலாந்தின் சிரென்செஸ்டர் ஊர் மருத்துவர். புதிய வகை இன்ஃபுளுவென்சா உலகைச் சுற்றிய காலங்கள் சூரியப் புள்ளிகளின் உச்சத்தை ஒட்டி வருகின்றன என்றார். 1918, 1957, 1968 ஆகியவற்றைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். 1990-ல் பிரெட் ஹாயிலும் இலங்கையில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும் இதைப் பற்றிக்கொண்டு, விண்ணிலிருந்தே வைரஸ் இறங்குகிறது என்றுகூட வாதிட்டனர்.

பொருந்தாதவற்றையும் எண்ண வேண்டாமா? 1889-90 கொள்ளைநோயும் 2009 பன்றிக்காய்ச்சலும் புள்ளிகள் மிகக் குறைந்த காலத்தில் வந்தவை. 1928, 1937, 1989, 2001, 2014 உச்சங்களில் உலகு தழுவிய இன்ஃபுளுவென்சா எதுவும் வரவில்லை. 2017-ல் ஷெரி டவர்ஸ் என்பவர் பழைய ஆய்வுகளைப் புள்ளியியல் முறையில் மீண்டும் சோதித்து, தொடர்புக்குச் சான்றில்லை என்று காட்டினார். காரணமும் வலுவாக இல்லை. உச்சத்திற்கும் தாழ்வுக்கும் இடையே சூரியன் தரும் மொத்த ஆற்றல் மாறுவது ஏறக்குறைய 0.1 சதவீதமே. ஐப்பசி மழைமேகம் ஒரே நாளில் மறைக்கும் வெயில் இதைவிடப் பல மடங்கு.

ஹோப்-சிம்ப்சன் சாதாரண ஆளல்லர் என்பதையும் சொல்லவேண்டும். அக்கி என்பது புதிதாகத் தொற்றுவதன்று, சிறுவயதில் வந்த சின்னம்மை வைரஸ் உடலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதே என்று 1965-ல் விளக்கியவர் அவரே. அதற்காகத் தம் நோயாளிகளை 16 ஆண்டுகள் பதிவு செய்தார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே யெல் என்னும் தீவுக்கும் போய் விசாரித்தார். அந்தப் பொறுமை 1978 கட்டுரையில் இல்லை. கையில் இருந்தவை நாலைந்து நிகழ்ச்சிகள், ஒரு வரைபடம்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் இயற்பியல் பயில்வோரும் மருத்துவம் பயில்வோரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறது. இரு சாராரும் கூடி உட்கார்ந்தால் ஒரு நல்ல பயிற்சி கிடைக்கும். ஆனால், உச்சத்திலிருந்து எத்தனை ஆண்டு விட்டுக்கொடுப்பது என்பதை நோய்ப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, மூடி வைத்துவிடுங்கள்.