இராகவன் இல்லாத சுந்தரங்கள்

ஆலங்குளத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில், அண்மையில் ஒரு மாலைப்பொழுது, 'சர்வர் சுந்தரம்' படத்தை மீண்டும் கண்டோம். 1964ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனம் அளித்த படம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது, கே. பாலசந்தர் எழுதியது; நாகேஷ் என்னும் ஒப்பற்ற கலைஞரின் தோள்மீது நிற்பது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அதன் சுவை குன்றவில்லை. சிரித்தோம், இறுதியில் கண் கலங்கினோம். ஆனால் நம் அருகே அமர்ந்து பார்த்த இளைஞர் ஒருவர் சிரிக்கவுமில்லை, கலங்கவுமில்லை. படம் முடிந்ததும் அவர் சொன்னது இதுதான்: "எனக்கும் ஒரு ராகவன் கெடைச்சாப் போதும், அண்ணாச்சி!"

சுந்தரத்தின் நடிப்பைக் கண்டு அவர் மயங்கவில்லை. சுந்தரத்தைத் திரையுலகுக்கு அழைத்துச் செல்கிறானே நண்பன் இராகவன், அவன்மீது ஏக்கம் கொண்டார். ஏன் என்று கேட்டோம். சென்னையில் தாம் கழித்த ஒரு நாளின் கதையைச் சொன்னார்.

அன்னை பீடி சுற்றுகிறார். இவர் கடையொன்றில் வேலை பார்க்கிறார். சேர்த்து வைத்த பணத்தில் பேருந்து ஏறி, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, வடபழனி சென்றார். ஆசியாவிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட விஜயா-வாகினி படப்பிடிப்பு நிலையம் எங்கே என்று தேடினார். அந்த வளாகத்தில் மருத்துவமனை நின்றது. பளபளக்கும் வணிக வளாகம் நின்றது. ஏவி.எம். வாயிலில் உருண்டைச் சின்னத்தைக் கண்டபோது நெஞ்சு படபடத்ததாம். உள்ளே 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு நுழைந்து, பழைய படக்கருவிகளையும் பழைய கார்களையும் பார்த்துவிட்டு வந்தார். நடிகனாக நுழைய எண்ணிப் போனவர், கட்டணம் கட்டிய பார்வையாளனாக நுழைந்து வெளியேறினார்!

பிற்பகல் சாலிகிராமத்துத் தெருக்கள். நான்கு அலுவலகங்கள். மூன்றில் வாயிற்காவலரே புகைப்படத்தை வாங்கிக்கொண்டு, "கூப்பிடுவாங்க" என்றார். நான்காவதில் உள்ளே அழைத்தார்கள், நாற்காலி தந்தார்கள், தேநீரும் தந்தார்கள். பயிற்சிக் கட்டணம் ஐம்பதாயிரம் கட்டினால் அடுத்த படத்தில் நாயகனின் தோழன் வேடம் என்றார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளை வேறு பலகையை மாட்டிக்கொள்ளும்.

மாலையில் தரமணி. 1994இல் அரசு அமைத்த எம்.ஜி.ஆர். திரைப்பட நகரைக் காணப் போனவரின் கண்ணை நிறைத்தவை அப்பகுதியில் எழுந்து நிற்கும் கணினி நிறுவன மாளிகைகளே. இரவு மீண்டும் பேருந்து.

இந்த நாளையும் நாம் கண்ட படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம்.

படத்தைக் குறைகூற நமக்கு விருப்பமில்லை. புகழின் மறுபக்கத்தைக் காட்டும் துணிவு அதற்கு இருந்தது. படப்பிடிப்பில் சிக்கிக்கொண்ட மகன், சாகும் தாயின் அருகில் இருக்க முடியாமற் போவதை அது மறைக்கவில்லை. பின்னணிப் பாடல் எப்படிப் பதிவாகிறது என்பதை, இசையமைப்பாளர் விஸ்வநாதனையும் பாடகர் சௌந்தரராஜனையும் திரையிலேயே நிறுத்திக் காட்டியது. அந்நாளில் அது புதுமை.

ஆனால் ஒன்றைக் காட்ட மறந்தது. அடுக்கிய குவளைகளை ஏந்திக்கொண்டு நாகேஷ் நடந்து வரும் அழகை யார் மறப்பார்? ஒரு துளி சிந்தாமல், ஒரு குவளை சரியாமல் வருகின்ற அந்த நடை, பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. குவளை ஏந்தப் பயிற்சி வேண்டும் என்று உணர்த்திய படம், நடிக்கப் பயிற்சி வேண்டும் என்று உணர்த்தவில்லை. சுந்தரம் உணவு விடுதியிலிருந்து நேரே திரைக்குப் போகிறான். நடுவில் இருப்பது நண்பனின் கருணை மட்டுமே.

உண்மையில் அந்த நாகேஷ் அப்படியா வந்தார்? இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். ஓய்வு நேரத்தில் நாடகம். வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடத்தில் தோன்றி, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றார். 'சர்வர் சுந்தர'மே முதலில் மேடை நாடகம்தான். கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே பாலசந்தர் எழுதிய நாடகம். மேடையில் பிறந்த படம், மேடையை மட்டும் கதையிலிருந்து விலக்கிவிட்ட விந்தையை என்னென்பது!

இதே ஏவி.எம். வளாகத்தில், இதே கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1952இல் 'பராசக்தி' உருவானதை எண்ணிப் பாருங்கள். மெலிந்த உடலும் புதுமுகமுமாக நின்ற கணேசனை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. மாற்றக் கூடாது என்று உறுதியாக நின்றவர் வேலூர் பி.ஏ. பெருமாள். அவரும் ஓர் இராகவன்தான் என்று நம் இளைஞர் சொல்லக்கூடும். ஆம், ஆயினும் பெருமாள் நட்புக்காக நிற்கவில்லை. கணேசனை மேடையில் கண்டிருந்தார். சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக வேடம் பூண்டு, பெரியாரின் வாயால் அப்பெயரையே பெற்றவர். அத்தனை ஆண்டு உழைப்பு பெருமாளுக்குச் சான்றாக நின்றது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்று வந்தவரே. வறுமை அவர்களைத் தடுத்தது. நாடகக் கொட்டகை தடுக்கவில்லை.

அந்த நாடகக் கம்பெனிகளை நாம் பொற்காலமாகப் பாட வரவில்லை. பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகளைப் பிரம்படிக்கும் அரைவயிற்றுச் சோற்றுக்கும் ஆளாக்கிய குற்றம் அவற்றுக்கு உண்டு. அவை போனதில் வருத்தமில்லை. போன இடத்தில் வேறொன்றும் வைக்கப்படவில்லையே என்பதே நம் வழக்கு. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற சில முயற்சிகள் பசுபதியையும் விமலையும் தந்தன. கணக்கு எழுதப் போன விஜய் சேதுபதிக்கு நடிப்பை அருகிருந்து காட்டின. ஆனால் அதுவும் சென்னையில்தான்.

தென்காசிச் சீமைக்குத் திரையுலகு வராமல் இல்லை. குற்றால அருவிக்கு வந்தது. 1992இல் வந்த 'ரோஜா' படத்தின் நாயகிக்குச் சுந்தரபாண்டியபுரமே சொந்த ஊர். 2005இல் வந்த 'அந்நியன்' படத்துக்காக அவ்வூர்ப் பாறைகளில் நடிகர்களின் முகங்களைத் தீட்டினார்கள். இன்றும் மக்கள் அப்பாறைகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் வயலும் பாறையும் அருவியும் நடித்துவிட்டன. நம் பிள்ளைகளுக்குத்தான் வேடம் இல்லை!

பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் புதிய திரைப்பட நகரம் என்று 2024இல் அறிவித்தார்கள். வரட்டும், தொழிலாளர்க்கு வேலை கிடைக்கட்டும். 1996இல் ஐதராபாத் அருகே எழுந்த இராமோஜி நகரம், சீட்டு வாங்கி வரும் மக்களுக்கு அரண்மனை முகப்புகளையும் பொய்த் தெருக்களையும் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கும் ஆலங்குளத்து இளைஞன் போகலாம், காணலாம், திரும்பலாம். ஆலங்குளத்திலும் பாவூர்ச்சத்திரத்திலும் ஆண்டுக்கு நான்கு நாடகம் போட ஒரு மேடையும், ஓர் ஆசிரியரும் வேண்டுமென்றால் அதற்கு எத்தனை கோடி வேண்டும்?

விடைபெறும்போது இளைஞரிடம் கேட்டோம்: "தம்பி, நீங்கள் எந்த நாடகத்தில் நடித்திருக்கிறீர்கள்?"

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "நாடகம்னு ஒண்ணு நான் பாத்ததே இல்லையே, அண்ணாச்சி."